ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: விரைவுச்சாலை யாருக்காக?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோலாலம்பூருக்குள் இன்னும் விரைவுச்சாலைகளும் சுரங்கப்பாதைகளும் வேண்டுமா, வேண்டாமா? இதுதான் இன்று நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர் வேண்டும் என்றார். காலையில் கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறி, பத்து தீகா தாண்டுவதற்குள் வானொலியில் ஒரு நிகழ்ச்சியே முடிந்துவிடுகிறது என்று அவர் சொன்னபோது அரங்கில் எல்லோரும் சிரித்தோம். அது பட்டவர்களின் சிரிப்பு. அவருடைய வேதனையை நான் மறுக்கவில்லை.

ஆனால் நம் பெரியவர்கள் ஒன்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. இந்தப் பழமொழி கோலாலம்பூருக்கு மிகவும் பொருந்தும். ஏனென்றால் இந்த நகரத்தில் ஆறும் சாலையும் ஒரே குழிக்குள் ஓடுகின்றன. ஸ்மார்ட் சுரங்கப்பாதையைத்தான் சொல்கிறேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரே சுரங்கம், இரண்டு வேலை

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில், இன்றைய ஜாமெக் மசூதி நிற்கும் முனையில் பிறந்தது இந்த நகரம். ஆறு தந்த ஊரை ஆறு அவ்வப்போது கேட்டு வாங்கிக்கொள்ளவும் செய்தது. 1971 ஜனவரியில் வந்த பெருவெள்ளத்தை மூத்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. பிறகும் இரண்டு மணி நேரம் கனத்த மழை பெய்தால் போதும், நகர மையத்தில் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ஸ்மார்ட். சுமார் 193 கோடி வெள்ளி செலவில் கட்டப்பட்டது. அம்பாங் பக்கத்தில் ஆற்று நீரை உள்ளே வாங்கி, நகர மையத்தைத் தொடாமல் தாமான் டேசா பக்கமுள்ள நீர்த்தேக்கத்துக்குக் கொண்டு சேர்க்கும் 9.7 கிலோமீட்டர் சுரங்கம் அது. சுண்ணாம்புப் பாறைக்குள், பதின்மூன்று மீட்டருக்கும் அதிக விட்டமுள்ள துளைப்பு இயந்திரங்கள் இரண்டு அதைக் குடைந்தன. அந்த இயந்திரங்களுக்குத் துவா, கெமிலாங் என்று பெயர் வைத்தார்கள். நடுவே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தூரத்துக்கு மட்டும் இரண்டு தட்டுச் சாலை. 2007 மே மாதம் அந்தச் சாலை திறக்கப்பட்டது.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. மழை இல்லாத நாளில் கார்கள் மட்டும் போகும். ஓரளவு மழை என்றால் சாலைக்கு அடியில் இருக்கும் வாய்க்காலில் தண்ணீர் போகும், மேலே கார்களும் போகும். பெரு வெள்ளம் என்றால் கார்களையெல்லாம் வெளியேற்றிவிட்டு, கதவுகளைத் திறந்து, முழுச் சுரங்கத்தையும் ஆற்றிடம் கொடுத்துவிடுவார்கள். வெள்ளம் வடிந்ததும் கழுவித் துடைத்து மறுபடி கார்களுக்குத் திறப்பார்கள். உலகமே வியந்து பார்த்த திட்டம் இது. 2011-இல் ஐக்கிய நாடுகள் சபையின் குடியிருப்பு அமைப்பும் இதற்குப் பாராட்டு விருது வழங்கியது. நாம் பெருமைப்படலாம்.

நான் ஏன் இதை விரிவாகச் சொல்கிறேன்? ஒரு சுரங்கத்துக்காக மக்கள் பணத்தைப் போட்டால், அது ஒரு வேலைக்கு இரண்டு வேலை செய்ய வேண்டும் என்று அன்றைக்கு யோசித்தார்கள். அந்த யோசனை சரியானது. ஆனால் அதே சுரங்கத்தின் வாயிலில் நின்று இன்னொரு கேள்வியையும் நாம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வாயிலில் நிறுத்தப்பட்டவர்கள்

அந்தச் சுரங்கச் சாலையில் மோட்டார் சைக்கிள் போகக்கூடாது. லோரி போகக்கூடாது. பேருந்தும் போகக்கூடாது. பாதுகாப்புக் காரணம் சொல்கிறார்கள். மூடிய சுரங்கத்துக்குள் மோட்டார் சைக்கிள் ஆபத்துதான், நான் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு தட்டாகப் பிரித்ததால் உயரமும் குறைவு, அதனால் பேருந்துக்கு இடமில்லை. எல்லாமே நியாயமான காரணங்கள்தாம். ஆனால் எல்லாக் காரணங்களையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது என்ன? நகரத்தின் நடுவே போட்ட பாதையில் கார் வைத்திருப்பவர் மட்டுமே போகலாம் என்பதுதான்.

சுங்கை பீசி பக்கத்திலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பி, நகரத்தில் துப்புரவு வேலைக்கும் பாதுகாவலர் வேலைக்கும் போகிறவர்கள் எதில் போகிறார்கள்? பெரும்பாலும் கப்சாய் என்று நாம் அழைக்கும் சிறிய மோட்டார் சைக்கிளில். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நகர்ப்புறத்துக்கு வந்த நம் குடும்பங்களில் முதலில் வாங்கிய வாகனமும் அதுதான். நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளோட்டிகளும் அவர்கள் பின்னால் அமர்ந்து செல்பவர்களும். அப்படிப்பட்டவர்களுக்குப் புதிய பாதையில் இடமில்லை என்றால், பழைய பாதையில் லோரிகளுக்கு நடுவே அவர்கள் போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"அதெல்லாம் முடியாது, இடம் ஒதுக்க வசதிப்படாது" என்று யாராவது சொன்னால், அவர்களைக் கிள்ளானுக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஆற்றின் மேல் பழைய கோத்தா பாலம் நிற்கிறது. 1961-இல் திறக்கப்பட்ட இரண்டு தட்டுப் பாலம். மேல் தட்டில் அப்போது வாகனங்கள் ஓடின. கீழ்த் தட்டில் நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும். நாடு விடுதலை பெற்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கையில் பணம் குறைவு. ஆனாலும், கார் இல்லாதவனும் ஆற்றைக் கடக்க வேண்டும் என்று அந்தப் பாலத்தை வரைந்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர்களில் அந்தக் கீழ்த்தட்டில் நடந்து பள்ளிக்கும் சந்தைக்கும் போகாதவர்கள் எத்தனை பேர்?

1970-களில் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப் பாதை அமைத்தார்கள். இந்த நாட்டில் அதுதான் முதல் முயற்சி. இன்று அந்தப் பாதையில் விளக்கும் பராமரிப்பும் போதவில்லை என்று ஆயிரம் குறை சொல்கிறோம். ஆனாலும் பாதை என்று ஒன்று இருக்கிறது. இரண்டு தட்டுப் பாலம் 1961-இல் முடிந்தது, தனிப் பாதை 1970-களில் முடிந்தது. இன்னும் பணமும் தொழில்நுட்பமும் கூடிய காலத்தில் ஏன் முடியவில்லை என்பதுதான் என் முதல் கேள்வி.

காரை எண்ணுவதா, ஆளை எண்ணுவதா?

அடுத்த கேள்வி, ஒரு சாலையின் பயனை எதைக் கொண்டு அளப்பது என்பது. புதிய சாலைத் திட்டம் அறிவிக்கப்படும்போதெல்லாம் நாளொன்றுக்கு இத்தனை ஆயிரம் வாகனங்கள் செல்லும் என்பார்கள். எத்தனை ஆட்கள் செல்வார்கள் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். விரைவுச்சாலையில் ஒரு தடத்தில் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 2,000 கார்கள் போகலாம் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. ஒரு திசைக்கு இரண்டு தடம் என்றால் 4,000 கார்கள். காருக்கு ஒன்றரை ஆள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 6,000 பேர். அதே கோலாலம்பூர் மண்ணுக்கு அடியில் இன்னொரு சுரங்கமும் ஓடுகிறது. 2017-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட காஜாங் எம்ஆர்டி தடத்தில் 9.5 கிலோமீட்டர் நிலத்துக்கு அடியில்தான் போகிறது. அந்த ரயில் ஒன்றில் 1,200 பேர் பயணம் செய்யலாம். நான்கு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் ஒரு மணி நேரத்தில் 18,000 பேர். கார் சுரங்கத்தைப் போல மூன்று மடங்கு.

ஸ்மார்ட் சுரங்கத்தைக் குடைந்தபோது சுண்ணாம்புப் பாறையைப் பற்றிக் கற்றுக்கொண்ட பாடம்தான் எம்ஆர்டி சுரங்கத்தைக் குடையவும் கைகொடுத்தது. அதே நிலம், அதே அனுபவம். குழிக்குள் எதை ஓட விடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

எம்ஆர்டிக்கு ஆன செலவு எவ்வளவு என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். 51 கிலோமீட்டர் தடத்துக்கு ஏறக்குறைய 2,100 கோடி வெள்ளி. மிகப் பெரிய தொகை. ரயில் மலிவானது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பயணியின் பையிலிருந்து போகும் பணத்தையும் பாருங்கள். ஸ்மார்ட் சாலையைக் காரில் ஒருமுறை கடக்க 2015 அக்டோபர் முதல் 3 வெள்ளி. போக வர 6 வெள்ளி. மாதம் 22 வேலை நாள் என்றால் 132 வெள்ளி. பெட்ரோல், கார் தவணை, நிறுத்துமிடக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் பேருந்து எல்லாவற்றிலும் மாதம் முழுவதும் பயணம் செய்யும் அட்டை 50 வெள்ளி.

இன்னொன்று. சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீரும் என்பது நம் அனுபவத்தில் பொய்த்துப்போன நம்பிக்கை. எல்டிபி என்று நாம் அழைக்கும் டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை 1999-இல் வந்தது. நெரிசலைத் தீர்க்கத்தான் வந்தது. அதன் இருபுறமும் வீடமைப்புத் திட்டங்கள் முளைத்தன, கடைவீதிகள் முளைத்தன. இன்று மாலை ஆறு மணிக்கு எல்டிபியில் சிக்கிக்கொண்டவரிடம் கேளுங்கள், நெரிசல் தீர்ந்ததா என்று. கோயில் திருவிழாவில் மோர்ப்பந்தல் போட்டால் தாகம் இல்லாதவனும் வரிசையில் நிற்பான். அகலமான சாலையும் அப்படித்தான், முன்பு வராத கார்களையும் அழைத்து வந்துவிடும். அமெரிக்காவில் அந்தோணி டவுன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1962-லேயே இதை எழுதிவிட்டார்.

நம் கிள்ளான் மக்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. கோலாலம்பூரையும் கிள்ளானையும் முதலில் இணைத்தது ரயில். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் கூடா வரை ரயில் வந்தது. தண்டவாளத்தில் உழைத்தவர்களிலும் நிலையங்களில் பணியாற்றியவர்களிலும் தமிழர்கள் எத்தனை பேர் என்பதை பிரிக்பீல்ட்ஸே சொல்லும். ரயில்வே குடியிருப்புகளைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. ரயில்வே பணிமனை இருந்த நிலத்தில்தான் 2001-இல் கேஎல் சென்ட்ரல் எழுந்தது. அந்தப் பழைய தடத்தில் கோமுட்டர் ரயில் அடிக்கடியும் நேரத்துக்கும் வந்தால், கிள்ளானிலிருந்து கார் எடுக்கும் பலர் காரை வீட்டிலேயே விட்டுவிடுவார்கள். ஆனால் நாம் எதைக் குறைக்கிறோம் பாருங்கள். பண்டார் உத்தாமாவிலிருந்து கிள்ளானைத் தொட்டு ஜொகான் செத்தியா வரை செல்லும் எல்ஆர்டி 3 திட்டத்தில், 2018-இல் செலவைக் குறைக்க ஐந்து நிலையங்களை ஒத்தி வைத்தார்கள். அவற்றை மீண்டும் கட்டுவதாக 2023-இல்தான் அறிவிப்பு வந்தது. சிக்கனம் என்று வந்தால் ரயில் நிலையத்தின் தலையில் கை வைப்பது நமக்குப் பழகிப்போய்விட்டது.

ஒப்பந்தத்தை யார் படிப்பது?

மூன்றாவது கேள்விதான் மிகவும் முக்கியமானது. சாலை போட ஒப்பந்தம் போடுகிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது?

2007 ஜனவரி முதல் நாள் ஐந்து நெடுஞ்சாலைகளில் டோல் கட்டணம் உயர்ந்தது. எல்டிபியில் ஒரு சாவடிக்கு 1 வெள்ளியாக இருந்தது 1 வெள்ளி 60 காசானது. ஏன் உயர்ந்தது என்று கேட்டபோது, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்றபோது, அது அதிகாரத்துவ ரகசியம் என்றார்கள். தினமும் காசு கொடுப்பவன் நான், எதற்காகக் கொடுக்கிறேன் என்பது மட்டும் எனக்கு ரகசியம்! பொதுமக்கள் குரல் எழுப்பிய பிறகு 2009-இல் டோல் ஒப்பந்தங்களைப் பொதுப்பணி அமைச்சில் பார்வையிட அனுமதி கிடைத்தது. 2022 அக்டோபரில் எல்டிபி, கெசாஸ், ஸ்பிரிண்ட், ஸ்மார்ட் ஆகிய நான்கையும் அமானாட் லெபுராயா ரக்யாட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு 548 கோடி வெள்ளிக்கு வாங்கியது. கட்டணம் இனி உயராது, ஆனால் வாங்கிய கடன் தீரும்வரை டோல் இருக்கும். முன்பு போட்ட கையெழுத்துக்கு எத்தனை ஆண்டு நாம் காசு கட்டுகிறோம் பாருங்கள்.

கையெழுத்துக்கு முன்பே பேசினால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடையே சான்று உண்டு. பெட்டாலிங் ஜெயா நடுவே சுமார் 15 கிலோமீட்டருக்கு கிடெக்ஸ் என்ற விரைவுச்சாலை வருவதாக இருந்தது. வீட்டுக்கும் பள்ளிக்கும் பக்கத்திலேயே தூண்கள் வரும் என்று தெரிந்ததும், அப்பகுதி மக்கள் இனம் பார்க்காமல் ஒன்று சேர்ந்தார்கள். வரைபடம் கேட்டார்கள், போக்குவரத்து ஆய்வைக் கேட்டார்கள். 2015-இல் சிலாங்கூர் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. பிறகு அதே வட்டாரத்தில் பிஜேடி லிங்க் என்ற மேல்மட்டச் சாலை, சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு வருவதாகச் சொன்னார்கள். மீண்டும் மக்கள் கேள்வி கேட்டார்கள். நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று 2023-இல் அதையும் ரத்து செய்வதாக மாநில அரசு அறிவித்தது.

அந்த மக்கள் வளர்ச்சிக்கு எதிரிகளா? இல்லை. அளந்து காட்டுங்கள் என்றார்கள், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

விரைவுச்சாலையே கூடாது என்பவன் அல்ல நான். ஆம்புலன்ஸ் ஓட வேண்டும். சந்தைக்குக் காய்கறி வர வேண்டும். நடக்க முடியாத தாயைக் காரில்தான் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். ஆனால் போடுகிற சாலை எல்லோருக்குமான சாலையாக இருக்கட்டும்.

அண்டை நாட்டைப் பாருங்கள். சிங்கப்பூரில் வடக்கையும் நகர மையத்தையும் இணைக்க 21.5 கிலோமீட்டரில் ஒரு விரைவுச்சாலைக்குத் திட்டமிட்டார்கள். பாதிக்கு மேல் சுரங்கம். 2016-இல் அதே திட்டத்தைத் திருத்தி, பேருந்துக்குத் தனித்தடம், சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் தனிப் பாதை என்று மாற்றி வரைந்தார்கள். கட்டுமானத்துக்கு முன்பே மாற்றியதால் அது முடிந்தது. கட்டி முடித்த சுரங்கத்தை யாரால் அகலப்படுத்த முடியும்?

ஆகவே நேயர்களே, உங்கள் வட்டாரத்தில் புதிய சாலையோ சுரங்கமோ வருகிறது என்று கேள்விப்பட்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதில் எத்தனை ஆட்கள் போவார்கள்? யார் போக முடியாது? ஒப்பந்தத்தை எங்கே பார்க்கலாம்?

எங்கே போய்க் கேட்பது என்பீர்கள். நகராட்சியும் மாநகராட்சியும் நகல் வரைவுத் திட்டங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கின்றன. ஆட்சேபம் தெரிவிக்கக் குறிப்பிட்ட நாள் வரை அவகாசம் உண்டு. அந்தக் கண்காட்சிக்கு நம்மவர்கள் எத்தனை பேர் போகிறோம்? திட்டம் முடிந்து தூண் எழுந்த பிறகு கோயில் வாசலில் நின்று அழுவதைவிட, வரைபடம் சுவரில் தொங்கும்போதே போய்ப் பார்ப்பது நல்லது. ஆலயச் செயலவையும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் குடியிருப்போர் சங்கமும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினால் போதும். மலாய் மொழியில், இரண்டு பக்கத்தில், சாலையின் பெயரும் உங்கள் தெருவின் பெயரும் குறிப்பிட்டு எழுதுங்கள். நகல் ஒன்றைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள். அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள்.

முடிக்கும் முன் ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. மாலை வேளையில் அங்கே நின்று பாருங்கள். வெள்ளைக் கோல் பிடித்தவர்கள் தரையில் பதித்த மஞ்சள் கற்களைத் தடவித் தடவி ரயில் நிலையத்தை நோக்கி நடப்பார்கள். அந்தக் கற்களின் மேலேயே யாரோ காரை நிறுத்தி வைத்திருப்பார்கள். கோல் காரில் இடிக்கும். அவர் ஒரு நொடி நின்று, சாலையில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவார். கோடிக்கணக்கில் செலவழித்து நாம் கட்டப்போகும் அடுத்த பாதையை முதலில் அவரை நினைத்து வரைவோம். அவர் போகக்கூடிய ஊரில் எல்லோரும் போகலாம்.